ஜன்னலைத் திறக்கும் அதிகாரம்

ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஷ்லிவாரா நகராட்சியின் திருமண மண்டபத்தில் யாகொடாவும் ஒக்னியெனும் சட்டப்படி கணவன் மனைவி ஆவதாக இருந்தது. இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மணமகளுக்கு இல்லை, மணமகனுக்கு இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் இரண்டு சம்பந்திகளுக்கும் இல்லை. ஆட்சேபணை தெரிவித்தது சுவரில் தொங்கிய வெப்பமானி ஒன்றுதான். அது முப்பத்தொன்பது டிகிரி காட்டியது.

"முப்பத்தாறுக்கு மேல போனா நான் சடங்கைத் தொடங்கக் கூடாதும்மா," என்றார் பதிவாளர் திஹோமிர். மார்பின் குறுக்கே கட்டிய மூவர்ணப் பட்டை வியர்வையில் ஊறி ஒரே நிறமாகிக்கொண்டிருந்தது. "புது உத்தரவு. பணியிடக் கண்ணியமாம். தலைநகர் பெல்கிரேடுல இருந்து வந்திருக்கு."

"அப்ப ஜன்னலைத் திறங்க," என்றாள் வுகோசாவா.

வுகோசாவா மணமகளின் கூமா. அதாவது திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவள், வாழ்நாள் முழுக்க இந்தத் தம்பதியின் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறவள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மூன்று வருடப் படிப்பில் அவள் தெளிவாகக் கற்றுக்கொண்டது, யார் எதைச் சொன்னாலும் "எந்தப் பிரிவின் கீழ்?" என்று கேட்பது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டவரிடம்கூட அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

'ஜன்னல்' என்ற சொல்லைக் கேட்டதும் மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் அவரவர் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

திஹோமிர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பேச்சே வேண்டாம். அதுக்குக் கைப்பிடி கிடையாது."

உண்மைதான். ஜன்னல் சட்டத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு துளை இருந்தது. 1994-இல், ஒரு மே மாதத்தில், யாரோ அந்த ஜன்னலைத் திறந்தார்கள். அதே நேரத்தில் இன்னொருவர் கதவைத் திறந்தார். இரண்டுக்கும் நடுவில் அன்றைய வரித்துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். நம் ஊர்க்காரர்கள் எந்த நோயையும்விட அதிகம் பயப்படும் அந்தக் குறுக்குக் காற்று அவர் கழுத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அவர் எல்லா மனுக்களையும் இடது ஓரமாகவே பார்த்தார் என்று சொல்வார்கள். அன்றே கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். நம் நாட்டில் ராஜ்ஜியம் உடைந்தது, பணம் மதிப்பிழந்தது, ஆட்சிகள் மாறின. ஆனால் அந்தக் கைப்பிடியைத் திரும்ப மாட்டுகிற துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வரவில்லை.

"அடியே வுகா," என்றாள் யாகொடா. முகத்தில் போட்டிருந்த பூச்செல்லாம் கழுத்து வரை இறங்கியிருந்தது. "சண்டை போடாதடி. கெஞ்சிக் கேளு. திங்கக்கிழமை காலைல பஸ்."

அதுதான் விஷயம். ஒக்னியெனுக்கு ஸ்லொவேனியாவில் குளிர்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. திருமணச் சான்றிதழோடு போனால் யாகொடாவும் கூடப் போகலாம். இல்லாவிட்டால் அவன் மட்டும். நகராட்சியில் அடுத்த காலியான தேதி நவம்பர் பதினான்கு. நவம்பருக்குள் ஸ்லொவேனியாவில் என்னென்ன நடக்கும் என்பது பற்றி யாகொடாவின் தாயாருக்கு விரிவான கற்பனை இருந்தது. காலையிலிருந்து அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

"வெளிய முற்றத்துல வச்சு முடிச்சிடலாமே?" என்றான் ஒக்னியென்.

"மண்டபத்துக்கு வெளிய கல்யாணம்னா தனி விண்ணப்பம், தம்பி. பதினஞ்சு நாள்," என்றார் திஹோமிர். அவர் கெட்டவர் அல்ல. உண்மையாகவே வருத்தப்பட்டார். நகராட்சியில் வருத்தப்பட மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

"சரி. மண்டபத்துக்குள்ள யாருக்கு அதிகாரம்?" என்று கேட்டாள் வுகோசாவா.

"எனக்குத்தான். சடங்கு தொடங்கினதுல இருந்து முடியற வரைக்கும் இந்த நாலு சுவருக்குள்ள என் வார்த்தைதான் சட்டம்."

"அப்ப சடங்கைத் தொடங்குங்க, ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க."

"தொடங்கணும்னா முப்பத்தாறுக்குக் கீழ வரணுமேம்மா."

வுகோசாவா கண்ணை மூடித் திறந்தாள். இந்த வாக்கியத்தில் ஓட்டை எங்கே என்று தேடினாள். ஓட்டையே இல்லை. நகராட்சியில் காற்றுப் புகாத விஷயம் ஜன்னல் மட்டுமல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

நகராட்சிச் செயலாளர் ராதிவோயேவை அழைத்து வந்தார்கள். அவரோடு, கூப்பிடாமலேயே, ரெல்யா என்ற இளைஞனும் வந்தான். ரெல்யா பெல்கிரேடிலிருந்து வந்த ஆலோசகன். கணுக்கால் தெரியும் கால்சட்டை, காலுறை இல்லாத காலணி. அந்தக் கணுக்கால்களைப் பார்த்து ஷ்லிவாராவின் தாய்மார்கள் ஒரு வாரமாகக் கலங்கிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய உதவியோடு அவன் நகராட்சிக்கு இரண்டு நன்மைகளைச் செய்து முடித்திருந்தான். ஒன்று, 'திறந்த கதவு நகராட்சி' என்ற திட்டம். அலுவலக நேரத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும், திறந்தது திறந்தபடியே நிற்க வேண்டும், வெளிப்படைத்தன்மைக்காக. மண்டபத்துக் கதவில்கூடப் பித்தளைப் பலகை பளபளத்தது. கதவை மட்டும் யாரும் இதுவரை திறந்து வைக்கவில்லை. பக்கத்து அறை வழியாகவே போய் வந்தார்கள். இரண்டாவது நன்மை, அதிகார வரைபடம்.

"பிரச்சினையே இல்ல," என்றான் ரெல்யா, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டி. "இதுக்குத்தானே இதைச் செஞ்சோம். அதிகாரம்ங்கிறது ஒண்ணு கிடையாது. பல வகை. சிவப்பு, உத்தரவு போடுற அதிகாரம். மஞ்சள், அனுமதிக்கிற அதிகாரம். பச்சை, விஷயம் தெரிஞ்சவங்களோட அதிகாரம். நீலம், மரியாதையால வர்ற அதிகாரம். நகராட்சியில நடக்கிற முன்னூத்திப் பன்னெண்டு செயலுக்கும் யாருக்கு எந்த நிறம்னு இதுல இருக்கு."

"அந்தப் பழுப்பு வட்டம்?"

ரெல்யா தயங்கினான். பழுப்பு வட்டம் மிலுங்காவின் காபிக் கோப்பை வைத்த தடம். மிலுங்கா முப்பது வருடமாக நகராட்சிக்குக் காபி போட்டுக் கொடுக்கும் அம்மாள். வரைபடத்தின் முதல் பிரதியில் அவர் கோப்பையை வைத்துவிட்டார். அச்சகம் அதையும் சேர்த்து அச்சடித்துவிட்டது. ஐரோப்பியத் தணிக்கையாளர்கள் அந்த வட்டத்தைப் பார்த்துத் தனியாகப் பாராட்டிவிட்டார்கள். இனி அழிக்க முடியாது.

"அது... உள்ளூர்த் தன்மை," என்றான் ரெல்யா.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தில் விரலை ஓட்டினார். "ஜன்னல்... ஜன்னல்... இதோ. 'ஜன்னல் மூடுதல், தினமும் மதியம் மூன்று மணி. பொறுப்பு: மிலுங்கா.'"

"திறக்கிறது?"

"திறக்கிறது இல்ல."

"என்ன இல்ல?"

"அப்படி ஒரு செயலே வரைபடத்துல இல்ல, பொண்ணே. செயல் இல்லாதப்ப அதிகாரம் எப்படி இருக்கும்?"

வுகோசாவாவுக்கு ரத்தம் சூடானது. வெப்பமானி நாற்பதைத் தொட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "ஐயா, தடை செய்யப்படாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது. இது சட்டத்தோட அடிப்படை."

"பொதுமக்களுக்கு," என்றார் ராதிவோயே மென்மையாக. "அலுவலகத்துக்கு அப்படியே தலைகீழ். உத்தரவு இல்லாதது எல்லாம் தடை. உங்க புத்தகத்துலயே இருக்குமே."

இருந்தது. போன மாதப் பரீட்சையில் அவள் எழுதி, பத்துக்கு ஒன்பது வாங்கிய பதில் அது.

"பச்சை அதிகாரத்தைக் கேக்கலாமே," என்று ரெல்யா உற்சாகமானான். "இங்க யாராவது நிபுணர் இருக்கீங்களா?"

ஒக்னியெனின் அத்தை ஸ்பாசெனியா எழுந்து நின்றார். நுரையீரல் மருத்துவர், மாவட்ட மருத்துவமனையில் இருபத்தாறு வருட அனுபவம்.

"மருத்துவரா சொல்றேன்," என்றார் ஸ்பாசெனியா. "குறுக்குக் காத்தால வர்ற நோய்னு உலகத்துல எதுவும் கிடையாது. எந்த ஆராய்ச்சியிலயும் இல்ல. வெறும் கட்டுக்கதை."

வுகோசாவா கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

"மனுஷியா சொல்றேன்," என்று தொடர்ந்தார் ஸ்பாசெனியா, "ஜன்னலைத் திறக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. நான் அந்த மூலைக்குப் போயிடறேன்."

இந்த இடத்தில்தான் மிலுங்கா காபித் தட்டோடு உள்ளே வந்தார். யார் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம் என்று கேட்காமலேயே கோப்பைகளை வைத்தார். செயலாளர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு வழிவிட்டார். மேயருக்குக்கூட அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"மிலுங்கா அக்கா," என்றாள் வுகோசாவா, "அந்தக் கைப்பிடி எங்க?"

"எங்கிட்டதான். சமையலறையில. வால்நட் உடைக்க அதை மாதிரி ஒண்ணு கிடையாது."

"கொஞ்சம் தாங்களேன்."

"தரலாம். செயலாளர் சொன்னா தரேன்."

"நான் சொல்ல முடியாதே," என்றார் செயலாளர். "அது என் பொறுப்புல இருந்தாத்தான் நான் சொல்ல முடியும். அது பழுப்புல இருக்கு."

"பழுப்புக்கு யார் மேலதிகாரி?" என்று வுகோசாவா ரெல்யாவைக் கேட்டாள்.

ரெல்யா வரைபடத்தை நெருங்கிப் பார்த்தான். வட்டத்துக்குள் போகும் கோடும் இல்லை, வெளியே வரும் கோடும் இல்லை. "பழுப்பு... சுதந்திரமான அமைப்பு," என்றான் ஒருவிதப் பயபக்தியோடு.

மணி பன்னிரண்டேகால். அடுத்த கல்யாணக் கூட்டம் வெளியே வந்து சேர்ந்துவிட்டது. ஊதுகொம்புக்காரர்கள் முற்றத்தில் வாத்தியத்தை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாகொடா அழவில்லை. மணமகள் பூங்கொத்தைப் பிரித்து ஒவ்வொரு பூவாக ஒக்னியெனின் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள், வழியில் சாப்பிட ஏதோ கட்டிக் கொடுப்பதுபோல. அதைப் பார்த்ததும் வுகோசாவாவின் உள்ளே ஏதோ ஒன்று கோபத்தைக் கடந்து மிகவும் குளிர்ந்த இடத்துக்குப் போனது. நல்ல வக்கீல்களுக்கு அந்த இடம் தெரியும்.

"மிலுங்கா அக்கா, மூணு மணிக்கு ஜன்னலை மூடுறீங்களா?"

"மூடுறேனே. ஏடு இருக்கு, கையெழுத்துப் போடுறேன். முப்பது வருஷமா ஒரு நாள் தவறினது இல்ல."

"ஏட்டைக் காட்டுங்க."

ஏடு வந்தது. ஒன்றல்ல, பதினொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, 'ஜன்னல் மூடப்பட்டது', மிலுங்காவின் கையெழுத்து. மாதக் கடைசியில் 'சரிபார்க்கப்பட்டது', ராதிவோயேவின் கையெழுத்து, வட்ட முத்திரை.

"ஐயா," என்றாள் வுகோசாவா, "திறக்காத ஜன்னலை மூட முடியுமா?"

"முடியாது," என்று சொன்ன பிறகுதான் செயலாளருக்கு உறைத்தது.

"அப்ப 1994-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இந்த ஏட்டுல இருக்கிறது எல்லாம் பொய். அரசு ஆவணத்துல பொய்ப் பதிவு. சரிபார்த்தது நீங்க. முத்திரையோட. எந்தப் பிரிவின் கீழ்னு நான் சொல்லணுமா?"

மண்டபத்தில் முதன்முறையாக ஒருவருக்குக் குளிர்ந்தது. ராதிவோயேவின் முகம் வெளுத்தது. "இல்ல, இல்ல. மூடின நிலையை... உறுதிப்படுத்தறது..."

"'மூடப்பட்டது'ன்னு இருக்கு. முந்தைய நாட்களை ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இன்னிக்கு இன்னும் மூணு மணி ஆகல. இன்னிக்கு ஒரு நாளாவது பதிவு உண்மையா இருக்கணும்னா ஜன்னல் அதுக்கு முன்னாடி திறந்திருக்கணும். திறக்கிறது தனிச் செயல் இல்ல, ஐயா. மூடுறதுக்கான ஏற்பாடு."

ரெல்யா மெதுவாகக் கை தட்டினான். "இதை நான் அறிக்கையில சேர்த்துக்கலாமா?"

செயலாளர் நெற்றியைத் துடைத்தார். "பதிவைச் சரிசெய்யும் நோக்கில்," என்று சொல்லிப் பார்த்தார். வாக்கியம் வாயில் நன்றாக உட்கார்ந்தது. "பதிவைச் சரிசெய்யும் நோக்கில் மட்டும். ஆனா திறந்தவர்னு யாராவது கையெழுத்துப் போடணும். நான் இல்ல."

"நானும் இல்ல," என்றார் திஹோமிர்.

"நான் மூடுறவ," என்றார் மிலுங்கா.

வுகோசாவா பேனாவைப் பிடுங்கி, 'திறந்தவர்: வுகோசாவா, கூமா' என்று எழுதினாள். மிலுங்கா கையெழுத்தைப் பார்த்தார். கூமா என்ற சொல்லைப் பார்த்தார். "கூமா கேட்டா இல்லேங்க முடியுமா," என்று சமையலறைக்குப் போய், வால்நட் ஓடு ஒட்டியிருந்த கைப்பிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். இவ்வளவு நேரம் மண்டபத்தில் இருந்த ஒரே உபயோகமான நீல அதிகாரம் தன்னிடமே இருந்தது என்பதை வுகோசாவா அப்போது கவனிக்கவில்லை.

ஜன்னல் திறந்தது. லிண்டன் மரத்தின் வாசனையோடு வெளிக்காற்று உள்ளே வந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. நாற்பது பேரும் வெப்பமானியை இறுதியாட்டம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். முப்பத்தாறைத் தொட்டுக் கீழே இறங்கியதும் திஹோமிர் தொண்டையைச் செருமி, "இன்று இந்த மண்டபத்தில்," என்று தொடங்கினார்.

அப்போது முற்றத்தில் இருந்த ஊதுகொம்புக்காரன் ஒருவன், உள்ளே முடிந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறந்தான்.

அது வந்தது. பார்க்க முடியாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. திரைச்சீலை கிடைமட்டமாக எழுந்தது. யாகொடாவின் முக்காடு திஹோமிரின் முகத்தில் சுற்றியது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் "கதவு" என்றார்கள்.

"மூடாதீங்க," என்றான் ரெல்யா, பித்தளைப் பலகையைக் காட்டி. "திறந்தது திறந்தபடி. அலுவலக நேரம். தணிக்கை வருது."

"அப்ப ஜன்னலை மூடுங்க," என்று ஒரு குரல் கேட்டது. பின்கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படிச் சொன்னது வுகோசாவா. அவளுக்கே அது பிறகுதான் தெரிந்தது.

மிலுங்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்குத்தான்மா. இன்னிக்கு ஒரு நாளாவது பதிவு உண்மையா இருக்கட்டும்."

ஸ்பாசெனியா ஏற்கெனவே மூலையில் இருந்தார். இரண்டு சம்பந்திகளும் அவருக்குப் பின்னால் ஒளிந்தார்கள். காற்றின் நேர்கோட்டில் நின்றவர்கள் நான்கே பேர்: சட்டப்படி நகரக் கூடாத மணமக்கள், சட்டப்படி பக்கத்தில் நிற்க வேண்டிய கூமா, சட்டமேயான பதிவாளர். திஹோமிர் குடும்ப வாழ்வின் கடமைகள் என்ற இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் தாண்டினார். "சம்மதமா சம்மதமா கையெழுத்து கையெழுத்து," என்றார். நகராட்சி வரலாற்றில் எந்த வேலையும் நாற்பத்தொரு வினாடியில் முடிந்ததில்லை. இன்று வரை அது சாதனையாகவே நிற்கிறது. திங்கட்கிழமை பஸ்ஸில் இரண்டு பேர் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை, பதினேழு பேர் கழுத்துப் பிடிப்பு என்று நகராட்சிக்குப் புகார் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்த பொறுப்பாளர் யார் என்று உடனடியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். மிகக் கடுமையாக எழுதப்பட்டிருந்த பதினேழாவது புகார் வுகோசாவாவுடையது. உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கழுத்தில் ஒற்றியபடி அதைப் படுக்கையிலிருந்தே எழுதினாள். நகராட்சியின் ஒட்டுமொத்த அலட்சியத்தைத்தான் கண்டித்திருந்தாள். தனிப்பட்ட முறையில் யாரையும் நினைக்கவில்லை. நகராட்சி பொறுப்பாளரை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தது. ஏட்டில் பெயர் இருந்தது.

தண்டனை எதுவும் இல்லை. வரைபடத்தில் முன்னூற்றுப் பதின்மூன்றாவது செயல் சேர்க்கப்பட்டது: 'ஜன்னல் திறத்தல். பொறுப்பு: வுகோசாவா. தகுதி: மாவட்டத்தில் ஒரே அனுபவசாலி.' படிப்பு முடிந்ததும் அவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். சீர்திருத்தம் உள்ளேயிருந்துதான் வர வேண்டும் என்று எல்லோரிடமும் வாதாடினாள்.

இந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை வெப்பமானி நாற்பதைக் காட்டியது. மணமகளின் கூமா, முதலாமாண்டு சட்ட மாணவி, மேசையைத் தட்டினாள். "அக்கா, உங்களுக்குத்தான் அதிகாரம் இருக்கே. தடை இல்லாதது எல்லாம் அனுமதிதானே?"

"பொதுமக்களுக்கு," என்றாள் வுகோசாவா. கழுத்தில் கம்பளித் துண்டு இருந்தது. "அந்தப் பாடத்துல நான் ஒன்பது."

"சரி, மூடுற ஏட்டைக் காட்டுங்க."

வுகோசாவா புன்னகையோடு ஏட்டைத் திருப்பி வைத்தாள். நான்கு வருடமாக ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அழகான கையெழுத்தில், 'மூட வேண்டிய அளவுக்குத் திறந்திருக்கவில்லை' என்று இருந்தது.

அந்தப் பெண் ஆதரவு தேடிக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். விடுமுறைக்கு ஸ்லொவேனியாவிலிருந்து வந்திருந்த யாகொடா, மடியில் தூங்கும் குழந்தைக்கு நாற்பது டிகிரி வெக்கையில் காதை மூடித் தொப்பி போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்றதைக் கேளும்மா," என்றாள் யாகொடா. "நவம்பர்ல தேதி இருக்காமே. அப்ப இவ்வளவு சூடு இருக்காது."